பின் சீற்றுக்கு ஒரு கொழுக்கி

அருமைநாதன் ஒரு காரைக் கெடுத்தார் என்றால் ஏதோ போகிற போக்கில் கெடுத்தார் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கனடா என்ற நாட்டில் முதல் சக்கரம் உருண்ட நாளிலிருந்து இன்றுவரை, ஒரு காரை இத்தனை அன்போடும் இத்தனை பெருமையோடும் அடியோடு கெடுத்த மனிதர் வேறொருவர் இல்லை. மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் கராஜ் வைத்திருக்கும் மரியதாசன் இதைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். கெடுத்ததில் பாதி அவன் கை. ஆகவே சாட்சி பலமானது.

கார் அவருடையதுகூட இல்லை. மகன் றொக்சனுடையது. 1970ஆம் ஆண்டு டிட்ரோயிட் பக்கத்தில் செய்த பிளிமத் டஸ்ரர். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். அது உறுமத் தொடங்கினால் சென் லோரன்ஸ் ஆற்று மீன்கள் கரைக்கு ஏறிவந்து என்ன விஷயம் என்று விசாரிக்கும். நிறம் பச்சை. அதுவும் கண்ணை மூடினால் இமைக்குள்ளே நின்று எரிகிற பச்சை. இருபத்திநாலு வயதில் றொக்சன் அதைத் துருவும் தூசுமாக இழுத்துக்கொண்டு வந்து மரியதாசனின் கராஜ் வாசலில் நிறுத்தினான்.

"எல்லாம் பக்ரறியில இருந்து வந்தபடி இருக்கப்பா. எஞ்சின்ல அடிச்ச நம்பரும் கார் பொடியில அடிச்ச நம்பரும் ஒண்டு. இப்பிடி ஒண்டு கிடைக்கிறது லேசில்லை."

"நாப்பது வருசமா ஒரே எஞ்சினோ?" என்றார் அருமைநாதன். "மாத்திக் குடுக்க ஒரு ஆளில்லாமல் போச்சே, பாவங்கள்."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர் அவர். பெற்றோலை மருந்துப் போத்தலில், கண்ணுக்கு விடுகிற சொட்டு மாதிரி வைத்திருந்த காலம். இரண்டு சொட்டை விட்டு எஞ்சினை எழுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடுவார். ஒஸ்ரின் காருக்கு லொறி எஞ்சின் பூட்டியிருக்கிறார், தண்ணீர் இறைக்கிற மிசினைப் பூட்டியிருக்கிறார். தடை இன்னும் ஒரு வருடம் நீண்டிருந்தால் மனைவி அல்போன்சம்மாவின் தையல் மிசினையும் பூட்டியிருப்பார். நல்ல சிக்கனமான எஞ்சினாகப் பார்த்து மாற்றிக் கொடுப்பது என்றால், அவருக்கு அது பிள்ளைக்குப் பால் பருக்குவது மாதிரி.

எனவே, உதிரிப்பாகங்கள் வாங்க உழைக்கவென்று றொக்சன் ஆறு மாத வேலைக்கு அல்பேர்ட்டாவுக்குப் போனதும் அவர் மரியதாசனைப் பிடித்தார்.

"பெடியன் வாறதுக்கிடையில ஒரு சப்ரைஸ் குடுப்பம்."

"அவனிட்டை ஒருக்கால் கேக்க வேண்டாமோ அண்ணை?"

"கேட்டால் அது சப்ரைஸோ, விசரா?"

ஆறு மாதம் கழித்து றொக்சன் வந்து பார்த்தபோது கார் வெள்ளை வெளேர் என்று நின்றது. சீற்றுக்குச் சிவப்பு வெல்வெட், விளிம்பெல்லாம் லேஸ். பொனற்றைத் திறந்தான். ரொயோட்டா பிக்கப்பில் இருந்து கழற்றிய நாலு சிலிண்டர் எஞ்சின், பெரிய கலியாண மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்துவிட்ட விருந்தாளி மாதிரி நடுவில் குந்தியிருந்தது.

"பழைய எஞ்சின் எங்கை?"

"அந்தப் பெற்றோல் குடிக்கிற பேயையோ? பழைய இரும்புக்காரன் ஏத்திக்கொண்டு போட்டான். இனி நீ வன்கூவருக்குப் போறதெண்டாலும் ஒரு ராங்க் பெற்றோல் காணும்."

றொக்சன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அருமைநாதன் பதிலுக்குக் கத்தி, அல்போன்சம்மா இரண்டு பேரையும் பேசி, சோற்றைப் போட்டு, விஷயம் முடிந்திருக்கும். அவன் பொனற்றை இரண்டு கையாலும் மெதுவாக மூடினான். அடுத்த கிழமை அல்பேர்ட்டாவுக்குத் திரும்பிப் போனான். போனவன் பதின்மூன்று வருடம் அங்கேயே நின்றுவிட்டான்.

டெலிபோன் எடுப்பான், தாய்க்கு. தப்பித்தவறித் தகப்பன் எடுத்தால், "அம்மா நிக்கிறாவோ?" அவ்வளவுதான். பதின்மூன்று வருடத்தில் மகன் தன்னோடு பேசியது மொத்தம் அந்த இரண்டு சொல் என்று அருமைநாதன் சொல்லித் திரிவார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

வெள்ளைக் கார் வீணாகவில்லை. மொன்றியல் தமிழ்ப் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் அதில் ஏறித்தான் கோயிலுக்குப் போய் மாலை மாற்றினார்கள். அருமைநாதன் கோட் போட்டு ஓட்டிக்கொண்டு போவார். பொம்பிளையை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே நினைப்பு வரும்: எங்கடை பெடியனுக்கும் ஒருநாள் இப்படி ஓட வேணும்.

மூன்று வருடத்துக்கு முன் அல்போன்சம்மா போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு றொக்சன் வந்தான். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர். மண் போட்டு முடிய, "போட்டு வாறன்" என்று நிலத்துக்குச் சொல்லிவிட்டுப் போனான். அருமைநாதன் அதே கறுப்புக் கோட்டோடு மெட்ரோ ஏறி லவாலுக்கு வந்தார்.

"மரியதாசா, இதைப் பிறந்தபடி ஆக்க வேணும்."

"எதை?"

"காரை. பக்ரறியில இருந்து எப்பிடி வந்ததோ அப்பிடி. ஒரு ஆணி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பிறகு பார், பெடியன் வருவான்."

"அண்ணை, செத்தவீட்டுக் களை. போய்ப் படுங்கோ."

"விசர்க்கதை கதையாதை. சாவியைத் தா."

இங்கேதான் பெருங்கூத்து ஆரம்பமானது. பழைய கார்களைச் சோதித்து, 'தொழிற்சாலை அசல்' என்று பத்திரம் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறதாம். ஆயிரம் புள்ளிக்குச் சோதிப்பார்களாம். அந்தச் சங்கத்தின் கைநூலை மகள் ஜென்சி எடுத்துக் கொடுத்தாள். விவிலியத்தை விடத் தடிப்பு. புரோசார்ட்டிலிருந்து சனிக்கிழமைகளில் வந்து தகப்பனுக்கு அதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பாள். அருமைநாதன் அதைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தார். கோயிலில் பாதர் செபம் சொல்லும்போது இவருடைய உதடு போல்ற் நம்பர் சொல்லும்.

வெள்ளைப் பெயின்ரை உரித்தார்கள், வெல்வெட்டைக் கிழித்தார்கள். துருவுக்கு ஒட்டுப் போட்டார்கள். ஒரு கிளிப்புக்காக ஏழு மாதம் காத்திருந்தார்கள். பச்சை அடித்து, கண்ணாடிபோல மினுக்கி, இதைப் பார்த்தால் பிரதமரே இறங்கி நடந்து போவார் என்று இருவரும் கைகொடுத்துக்கொண்டபோது ஜென்சி கைநூலைப் புரட்டிவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அப்பா, இது பிழை."

"எது பிழை?"

"பிழை இல்லாததுதான் பிழை. அந்த நேரம் பக்ரறியில அவசரமா அடிச்சவங்களாம். கதவுக்கு உள்பக்கம் பெயின்ற் வழிஞ்சிருக்க வேணும். இது வழியேல்லை. புள்ளி வெட்டுவாங்கள்."

"ஐம்பத்தைஞ்சு வருசத்துக்கு முன்னம் ஒருத்தன் வெறியில வந்து ஊத்தினதுக்கு நான் ஊத்தோணுமோ?" என்றான் மரியதாசன்.

ஊத்தினார்கள். சரியான இடத்தில், சரியான நீளத்தில் ஒரு வழியல் வரவைக்க மூன்று நாள் எடுத்தது. உலகத்தில் சோம்பேறித்தனத்துக்காக மனிதன் பட்ட கஷ்டத்தில் அதுவே உச்சம். வழியல் காய்ந்து அப்படியே நின்றதும் அருமைநாதன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

காரை மந்திரிக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. தீர்த்தம் காய்ந்துவிடும், புள்ளி குறையாது என்று தீர்ப்பாகி, பாதர் வந்து தெளித்துவிட்டுப் போனார். செபமாலை மட்டும் கண்ணாடியில் தொங்காமல் அருமைநாதனின் பொக்கற்றுக்குள் இருந்தது. அல்போன்சம்மாவின் செபமாலை. பக்ரறியில் அது கொடுக்கவில்லை.

எல்லாம் வந்தது, எஞ்சின் வரவில்லை. எட்டு சிலிண்டர் எஞ்சின் வேறு கிடைக்கும். ஆனால் அந்த நம்பர் அடித்த எஞ்சின் உலகத்தில் ஒன்றுதான். அருமைநாதன் இரும்புக்காரனைத் தேடிப் போனார். அவன் செத்துப்போனான். அவன் மகனைப் பிடித்தார். மகன் ஒரு படகுக்காரனைக் காட்டினான். படகுக்காரன் இன்னொருவனைக் காட்டினான். ஒன்றரை வருடம் அலைந்து கடைசியில் மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், முசியே லத்துலிப் என்ற எண்பது வயதுக்காரரின் கொட்டிலுக்குள் அது அகப்பட்டது. மரம் அரிகிற வாளுக்குப் பூட்டியிருந்தார். அந்த வாள் ஒருநாள் ஓடினால் அடுத்த நாள் அந்தப் பக்கக் காட்டில் மரம் இருக்காது.

அருமைநாதனின் பிரெஞ்சு "பொன்ஜூர்", "மெர்சி" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கும். லத்துலிப்பின் ஆங்கிலமும் அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு பேரும் முழங்காலில் நின்று, எஞ்சினின் பக்கவாட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். நம்பர் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசி இலக்கம் வந்ததும் அருமைநாதன் அந்தக் கொழுப்புப் பிடித்த இரும்பைக் கட்டிப்பிடித்து அழுதார். லத்துலிப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஃபிஸ்?" என்று கேட்டார். மகனா என்று. அந்த ஒரு பிரெஞ்சுச் சொல் அருமைநாதனுக்கு எப்படியோ விளங்கியது. ஓம் என்று தலையாட்டினார்.

லத்துலிப் காசு கேட்கவில்லை. வாள் ஓட வேண்டும், வேறு எஞ்சின் தா என்று கையால் காட்டினார். ரொயோட்டா எஞ்சின் அங்கே போனது, இது இங்கே வந்தது.

பிறகு எட்டு மாதம். ஜூன் முடிவில் ஒருநாள் மரியதாசன் சாவியைத் திருப்பினான். கராஜின் தகரமெல்லாம் அதிர்ந்து, பக்கத்து மூன்று தெருவில் காருக்கு அலாரம் அடித்தது. ஜென்சி அதை வீடியோ எடுத்துத் தமையனுக்கு அனுப்பினாள். சங்கத்துக்காரர் சோதிக்க வருவது திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது.

அருமைநாதனுக்குச் சங்கமும் பத்திரமும் பெரிதாகத் தெரியவில்லை. வீடியோவுக்குப் பதில் வந்ததுதான் பெரிது. "சனிக்கிழமை வாறன். ஞாயிறு போகவேணும்."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அவர் ஒரே காரைப் பதினெட்டுத் தரம் துடைத்தார். பதினொரு மணிக்கு ஜென்சியின் கார் வந்து நின்றது. றொக்சன் இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது. அவனுக்கு நரைக்கும் என்று அருமைநாதன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"வா தம்பி."

"ஓம் அப்பா."

புதிதாக இரண்டு சொல். அருமைநாதனுக்கு அதுவே போதும் போலிருந்தது.

றொக்சன் காரைச் சுற்றி வந்தான். பொனற்றைத் திறந்து குனிந்தான். விரலால் எஞ்சின் நம்பரைத் தடவினான்.

"இது... அதுதானோ?"

"அதேதான். மரம் அரிஞ்சுகொண்டு இருந்தது."

றொக்சன் சிரித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். "கதவு வழியல்கூட விட்டிருக்கிறியள்!"

"கொப்பர் மூண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை தம்பி," என்றான் மரியதாசன். "நான் வேறை ஊத்தி ஊத்திக் கை வீங்கிப்போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ஏறு, ஓடிப்பார் என்று அருமைநாதன் சாவியை நீட்டினார். றொக்சன் முன் சீற்றை மடக்கிப் பின்பக்கம் தலையை விட்டான். பின் சீற்றுக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் கையால் தடவினான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினான்.

"இதில சீற் கட்டுற கொழுக்கி இல்லை என்ன," என்று தனக்குத்தானே சொன்னான்.

"என்ன கொழுக்கி?"

"பிள்ளைச் சீற்றை..." என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

கை அந்தத் தட்டிலேயே இருந்தது. ஜென்சி நிலத்தைப் பார்த்தாள். மரியதாசன் ஒரு ஸ்பனரை எடுத்து, அது என்ன சைஸ் என்று உற்றுப் பார்க்கத் தொடங்கினான். முப்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறவன்.

"ஆற்றை பிள்ளை?" என்றார் அருமைநாதன்.

றொக்சன் காருக்குள்ளிருந்து வெளியே வந்தான். "என்ரை."

"கலியாணம் கட்டிட்டியோ?"

"ஆறு வருசமாச்சு."

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"நாலு. ஷெரோன்."

"பொம்பிளைப் பிள்ளை," என்றார் அருமைநாதன். கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. ஜென்சியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

ஜென்சி ஓம் என்று தலையாட்டினாள்.

"மரியதாசா, உனக்கு?"

"பிள்ளையள் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவை அண்ணை." அவன் ஸ்பனரைக் கீழே வைத்தான்.

மொன்றியல் தமிழரில் தெரியாத ஆள் யார் என்று தேடிப் பார்த்தால் ஒரே ஆள்தான் இருந்தார். அவர் ஒரு கார் துடைக்கிற துணியோடு நின்றார்.

"கொம்மாவுக்கு?"

"அம்மா வந்து பாத்தவ," என்றான் றொக்சன். "பிள்ளை பிறந்து ஆறு மாசத்தில. மூண்டு கிழமை நிண்டவ."

"எப்ப? அவ தனிய ஒரிடமும் போகேல்லையே. ரொறன்ரோவுக்குச் சின்னம்மா வீட்டை ஒருக்கால்..."

நிறுத்தினார். அந்தப் பயணத்துக்கு அவர்தான் பஸ் ஏற்றிவிட்டவர். இடியப்பம் கட்டிக் கொடுத்து, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்து, பஸ் மறையும்வரை கைகாட்டியவர். அல்போன்சம்மா ஜன்னலுக்குள்ளிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். இத்தனை பாசமா என்று அன்றைக்கு இவர் மகிழ்ந்துபோனார்.

"அவ தூக்கினவவோ? பிள்ளையை?"

"இறக்கிவிடேல்லை."

"சரி," என்றார். "அது நல்லது." பிறகு, "எனக்கு ஏனடா சொல்லேல்லை? ஒரு எஞ்சினுக்காகவோ?"

றொக்சனின் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"எஞ்சின் போனதை நான் எப்பவோ விட்டிட்டன் அப்பா. சொன்னா நீங்கள் ஏதாவது செய்வியள். எங்களிட்டைக் கேக்காமல், நல்லதெண்டு நினைச்சு, ஏதாவது செய்வியள். காரில செய்ததை நான் பொறுத்திட்டன். பிள்ளையில எண்டால் எனக்கு ஏலாது."

அருமைநாதன் கையிலிருந்த துணியை நாலாக மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

றொக்சன் காரை ஓட்டிப் பார்த்தான். தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்து, நன்றாக இருக்கிறது என்றான். உண்மையாகவே சொன்னான். சாவியைத் தகப்பன் கையில் வைத்தான். "நீங்கள் வைச்சிருங்கோ. இவ்வளவு பாடுபட்டனீங்கள்." பிறகு தங்கையோடு புரோசார்ட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிறு பூசைக்கு அருமைநாதன் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு மரியதாசன் கராஜைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றார். கையில் ஒரு சின்னப் பெட்டி. புதிதாக வாங்கிய கொழுக்கி, போல்ற், வளையம்.

"அண்ணை, இது என்ன?"

"பின்னால பூட்ட. பிள்ளைச் சீற் கட்டுறதுக்கு. ஓட்டை போடுற றில்லை எடு."

"ஐயோ, நாளைக்கு அவங்கள் வாறாங்கள்! அந்தத் தட்டில ஒரு ஓட்டை விழுந்தால் அசல் எண்ட கதையே முடிஞ்சுது. மூண்டு வருசம் அண்ணை!"

"முடியட்டும். ஒரு பிள்ளை இருக்க ஏலாத காரில என்ன அசல்?"

மரியதாசன் றில்லைக் கொண்டுவந்து கொடுத்தான். அருமைநாதன் பின் சீற்றில் முழங்காலிட்டு ஏறினார். எழுபத்தொரு வயது முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. நடுவை அளந்து சோக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். றில்லின் முனையைப் புள்ளியில் வைத்து, விசையில் விரலை வைத்தார்.

விரல் அழுத்தவில்லை. மரியதாசன் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. அருமைநாதன் றில்லைச் சீற்றில் வைத்துவிட்டுப் பொக்கற்றிலிருந்து டெலிபோனை எடுத்தார்.

"தம்பி, எயார்ப்போட்டிலயோ?"

"ஓம் அப்பா. ஏன்?"

"ஒண்டு கேக்கவேணும்." "காரில பின்னால ஒரு கொழுக்கி பூட்டட்டோ? பிள்ளைச் சீற்றுக்கு. ஓட்டை போடவேணும். போடட்டோ?"

அந்தப் பக்கத்தில் அறிவிப்பு ஒன்று பிரெஞ்சில் ஓடி, ஆங்கிலத்தில் ஓடி முடிந்தது.

"வேண்டாம் அப்பா."

"வேண்டாமோ?"

"வேண்டாம். ஷெரோன் வரமாட்டா. நான் கூட்டிக்கொண்டு வரமாட்டன். இப்ப ஏலாது."

"சரி."

"போடமாட்டியள்தானே?"

"நீ வேண்டாமெண்டுட்டாய். போடமாட்டன்."

"பிளைட்டுக்குக் கூப்பிடுறாங்கள்," என்றான் றொக்சன். லைன் வெட்டுப்பட்டது.

அருமைநாதன் சோக்கட்டிப் புள்ளியை விரலால் துடைத்தார். முழங்காலைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். றில்லையும் கொழுக்கிப் பெட்டியையும் மேசையில் வைத்தார். காரின் பச்சை அவர் முகத்தில் அடித்தது.

"என்னவாம் அண்ணை?"

"வேண்டாமாம்."

மரியதாசன் தேத்தண்ணி போடப் போனான். அருமைநாதன் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மரியதாசா, உனக்குப் பேரப்பிள்ளையள் இருக்குத்தானே."

"ஓம், மூண்டு."

"நாலு வயசுப் பிள்ளையெண்டால் எவ்வளவு உயரம் இருக்கும்?"

மரியதாசன் திரும்பி வந்தான். காரின் பக்கத்தில் நின்று, கதவுக் கைபிடிக்குச் சற்று மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "இந்தளவு இருக்கும். சில பிள்ளையள் இன்னும் கொஞ்சம் கூட."

அருமைநாதன் அந்தக் கையையும், அதற்குக் கீழே இருந்த வெறும் இடத்தையும் பார்த்தார். மரியதாசன் கையை இறக்கப் போனான்.

"எடுக்காதை," என்றார் அருமைநாதன். "கொஞ்ச நேரம் அப்பிடியே வைச்சிரு."